31-ம் தேதியைக் காணோம்!

அரியலூர் மாவட்டம் எப்போது பிறந்தது? இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு தேதியைச் சொன்னால் உங்களுக்குப் பாதி மார்க்தான்!

1995 நவம்பர் 1-ம் தேதி திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் உதயமானது. அப்போது அரியலூர் அதற்குள் அடக்கம். 2001 ஜனவரி 1-ம் தேதி, புத்தாண்டுப் பரிசு மாதிரி அரியலூர் தனி மாவட்டமானது. வாழ்த்து போஸ்டர் கிழிவதற்குள், 2002 மார்ச் 31-ம் தேதி மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அஞ்சரை வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 2007 நவம்பர் 23-ம் தேதி திரும்பவும் தனி மாவட்டம்!

‘இதெல்லாம் டி.என்.பி.எஸ்.சி. எழுதுறவங்க மனப்பாடம் பண்ண வேண்டிய மேட்டர். நமக்கெதுக்கு பாஸ்?’ என்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்க. நீங்க பி.சி.ஏ., எம்.சி.ஏ., பி.இ. என்று கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கியவரா? அப்படியென்றால் இந்த மூணு தேதிகளையும் வெச்சே, புராஜெக்ட்டிலும் இன்டர்வியூவிலும் பலரைக் கவுத்துவிடுகிற ஒரு சங்கதியைப் புரிஞ்சுக்கலாம். டேட்டாபேஸில் நேரத்தை ஒதுக்கிவிட்டு, தேதியை மட்டும் ஒப்பிடுவது எப்படி?

‘அட, இது ஒரு மேட்டரா?’ மேட்டர்தான். காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் 31 என்று வெச்சுக்குவோம். அன்னிக்குக் காலை 11 மணிக்கு வரிசையில் நின்று பணம் கட்டி, ரசீதும் கையில் வெச்சிருக்கிறார் ஒரு மாணவர். ஆனால் ஆபீஸில் எடுத்த ரிப்போர்ட்டில் அவர் பெயர் இல்லை. ‘பணம் கட்டாதவர்கள்’ பட்டியலில் அது கொட்டை எழுத்தில் நிற்கிறது. கட்டின பணம் எங்கேயும் போகவில்லை, டேபிளில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தேடிய குவெரிதான் 31-ம் தேதியை முழுசாகப் பார்க்கவில்லை!

நள்ளிரவு ரகசியம்

பல டேபிள்களில் தேதி தனியாக இருக்காது. ‘டேட்டைம்’, ‘டைம்ஸ்டாம்ப்’ என்ற பெயரில் தேதியும் நேரமும் ஒரே ஃபீல்டில் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி இருக்கும். உதாரணமாக 2007-11-23 06:15:00.

இப்போ நீங்க ‘2007-11-23-க்குச் சமமான ரெக்கார்டுகளைக் கொடு’ என்று கேட்கிறீர்கள். நேரம் எதுவும் சொல்லவில்லை. டேட்டாபேஸ் என்ன பண்ணும்? ‘நேரம் சொல்லலையா, சரி, நள்ளிரவு 00:00:00-ன்னு எடுத்துக்கறேன்’ என்று தானாக முடிவு பண்ணிக்கொள்ளும். அன்னிக்குக் காலையில் நடந்தது, மத்தியானம் நடந்தது, சாயங்காலம் நடந்தது எதுவும் அதற்குச் சமமில்லை. சரியாக நடுராத்திரியில் விழுந்த ரெக்கார்டு இருந்தால் மட்டும்தான் பதில் வரும். இல்லாவிட்டால் பூஜ்யம்!

இதில் பெரிய கூத்து என்னவென்றால், காலேஜ் புராஜெக்ட்டில் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. சோதித்துப் பார்க்க நாமே கையால் பத்து ரெக்கார்டு போடுவோம். தேதியை மட்டும் அடிப்போம். எல்லாமே 00:00:00 என்று உட்கார்ந்துவிடும். குவெரி ஜம்மென்று வேலை செய்யும். வைவாவில் எக்ஸ்டெர்னலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நிஜ ஆபீஸில், நிஜ கவுன்ட்டரில், நிஜ நேரத்தோடு ரெக்கார்டு விழ ஆரம்பிச்சதும்தான் சாயம் வெளுக்கும்.

அஞ்சு லாரி கணக்கு

அரியலூர் என்றாலே சிமென்ட். சுண்ணாம்புக்கல் லாரிகள் ராப்பகலாக ஓடுகிற ஊர். அங்கே ஒரு எடைமேடை இருப்பதாகவும், ஒவ்வொரு லாரி ஏறும்போதும் தேதி, நேரத்தோடு ஒரு ரெக்கார்டு விழுவதாகவும் கற்பனை பண்ணிக்குங்க. நமக்கு வேண்டியது 23-ம் தேதிக் கணக்கு. டேபிளில் இருப்பது அஞ்சே அஞ்சு லாரி:

முதல் லாரி – 22-ம் தேதி, 23:50:00
இரண்டாவது – 23-ம் தேதி, 00:00:00
மூன்றாவது – 23-ம் தேதி, 06:15:00
நான்காவது – 23-ம் தேதி, 23:59:59.5
ஐந்தாவது – 24-ம் தேதி, 00:00:00

கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. 23-ம் தேதி வந்தது மூணு லாரி. இப்போ ஒவ்வொரு குவெரியும் என்ன சொல்லுது, பாருங்க.

‘23-ம் தேதிக்குச் சமம்’ என்று கேட்டால், ஒரு லாரி. நள்ளிரவில் வந்தது மட்டும்.

‘23-க்கும் 23-க்கும் இடையில்’ என்று பிட்வீன் போட்டால், அதுவும் ஒரு லாரிதான். இரண்டு முனையும் அதே நள்ளிரவு!

‘சரி, 23-க்கும் 24-க்கும் இடையில்’ என்றால், நாலு லாரி. பிட்வீன் என்பது இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும். அதனால் 24-ம் தேதி நள்ளிரவு லாரியும் ஓசியில் உள்ளே வந்துவிட்டது. அதே லாரி நாளைய கணக்கிலும் வரும். ஒரு லோடுக்கு இரண்டு பில்!

‘ரொம்ப புத்திசாலித்தனமா, 23 00:00:00 முதல் 23 23:59:59 வரை’ என்று கேட்டால், இரண்டு லாரி. கடைசி விநாடியின் பாதியில் வந்த நான்காவது லாரி அம்பேல். ‘சரி, 23:59:59.999-ன்னு போட்டுட்டா?’ என்று அடுத்த ஐடியா வரும். எஸ்.க்யூ.எல். சர்வரின் பழைய டேட்டைம் வகை ஒரு விநாடியை முந்நூறு பங்காகத்தான் பிரிக்கும். அதனால் .999-ஐ அடுத்த நாள் நள்ளிரவு என்று முழுமையாக்கிவிடும். மறுபடியும் ஐந்தாவது லாரி உள்ளே!

அப்போ சரியான வழி? ரொம்ப சிம்பிள். ‘23-ம் தேதி நள்ளிரவோ அதற்குப் பிறகோ, ஆனால் 24-ம் தேதி நள்ளிரவுக்கு முன்னால்.’ அதாவது ஆரம்பத்துக்கு >= குறி, முடிவுக்கு < குறி. மூணு லாரி. கணக்கு டேலி!

தேதி என்பது ஒரு புள்ளி மாதிரி நமக்குத் தோன்றுகிறது. காலண்டரில் கிழிக்கிற ஒரே ஒரு தாள்தானே! டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது 24 மணி நேர நீளமுள்ள ஒரு கயிறு. கயிற்றின் ஆரம்பத்தைப் பிடித்து, அடுத்த கயிறு ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னால் நிறுத்தணும். அவ்வளவுதான் சூட்சுமம்.

மாசக் கணக்குக்கும் இதே ஃபார்முலாதான். மார்ச் ரிப்போர்ட் வேணுமா? மார்ச் 1 முதல், ஏப்ரல் 1-க்கு முன்னால். மாசத்துக்கு 30 நாளா 31 நாளா, லீப் வருஷமா என்று விரல் மடக்கிப் பார்க்கவே வேண்டாம். ஃபீஸ் கட்டிய நம்ம மாணவரும் ரிப்போர்ட்டில் வந்துவிடுவார்.

இரண்டு மாவட்டத்துக்கு நடுவே ஒரு குழந்தை

இப்போ மாவட்டத்துக்கு வருவோம். பிறப்புப் பதிவுக்கு ஒரு புராஜெக்ட் செய்கிறீர்கள். செந்துறையில் ஒரு குழந்தை பிறந்த நேரத்தைக் கொடுத்தால், அப்போது அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று சொல்லணும்.

மாவட்டத்தோடு இணைத்த 2002 மார்ச் 31, முழு நாளும் பெரம்பலூர் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் இதை முடிவு செய்வது அரசாணை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் புரோகிராமர் வேலைதான். உடனே நாம என்ன பண்ணுவோம்? ‘அரியலூர்: 2001 ஜனவரி 1 முதல் 2002 மார்ச் 30 வரை. பெரம்பலூர்: மார்ச் 31 முதல்’ என்று எழுதுவோம். பார்க்க அழகா இருக்கு இல்லையா?

மார்ச் 30, மாலை 4 மணிக்குப் பிறந்த குழந்தையைத் தேடுங்க. ‘மார்ச் 30 வரை’ என்றால் மார்ச் 30 நள்ளிரவு வரை. மாலை 4 மணி அதைத் தாண்டிவிட்டது. அதனால் அரியலூரில் இல்லை. 31 இன்னும் வரவில்லை, அதனால் பெரம்பலூரிலும் இல்லை. கிட்டத்தட்ட 24 மணி நேரம் செந்துறை எந்த மாவட்டத்திலும் இல்லாத ஊராகிவிடுகிறது! குழந்தையின் சான்றிதழில் மாவட்டம் என்ற இடம் காலி.

இதையே ‘2001 ஜனவரி 1 முதல், 2002 மார்ச் 31-க்கு முன்னால்’ அரியலூர், ‘2002 மார்ச் 31 முதல், 2007 நவம்பர் 23-க்கு முன்னால்’ பெரம்பலூர், ‘2007 நவம்பர் 23 முதல்’ அரியலூர் என்று எழுதுங்க. ஒன்றின் முடிவும் அடுத்ததன் ஆரம்பமும் ஒரே தேதி. நடுவில் இடைவெளியும் கிடையாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதும் கிடையாது. எந்த விநாடி பிறந்த குழந்தைக்கும் ஒரே ஒரு மாவட்டம்!

‘நேரத்தை வெட்டி எறிஞ்சிட்டா?’

நல்ல கேள்வி. ஃபீல்டிலிருந்து நேரத்தை வெட்டிவிட்டு, தேதியை மட்டும் ஒப்பிடும் வசதி எல்லா டேட்டாபேஸிலும் இருக்கிறது. மை எஸ்.க்யூ.எல்.லில் ‘டேட்’ ஃபங்ஷன், ஆரக்கிளில் ‘ட்ரங்க்’, எஸ்.க்யூ.எல். சர்வரிலும் போஸ்ட்கிரெஸிலும் ‘காஸ்ட்’. விடையும் சரியாகவே வரும். பிறகென்ன?

வேகம்தான் பிரச்னை. எடைமேடை ரிஜிஸ்டர் தேதி, நேர வரிசையில் இருக்கிறது. ‘23-ம் தேதி தொடங்குற இடத்தைப் புரட்டி, 24 தொடங்குற இடம் வரைக்கும் படி’ என்றால் நேராக அந்தப் பக்கத்துக்குப் போகலாம். டேட்டாபேஸில் இண்டெக்ஸ் செய்வதும் இதைத்தான். ஆனால் ‘ஒவ்வொரு வரியிலும் நேரத்தை அழிச்சுட்டு, மிச்சம் இருக்குறது 23-ஆன்னு பார்’ என்று சொன்னால்? பத்து வருஷ ரிஜிஸ்டரையும் முதல் வரியிலிருந்து படிக்கணும். நூறு ரெக்கார்டுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு கோடி ரெக்கார்டுக்கு, கவுன்ட்டரில் நிற்கிறவர் டீ குடிச்சுட்டு வந்துடலாம்!

எஸ்.க்யூ.எல். சர்வர் மட்டும் கொஞ்சம் உஷார் பார்ட்டி. அதில் தேதியாக ‘காஸ்ட்’ செய்தாலும் இண்டெக்ஸைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியும். வேறு சிலவற்றில், வெட்டிய தேதிக்கென்றே தனி இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ‘முதல்... முன்னால்’ ஃபார்முலா எந்த டேட்டாபேஸ் என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் வேலை செய்யும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. தேதியை ‘23-11-2007’ என்று எழுத்தாக மாற்றி ஒப்பிடுவது. தயவுசெஞ்சு வேண்டாம்! எழுத்தாகப் பார்த்தால் ‘01-12-2007’ என்பது ‘23-11-2007’-ஐ விடச் சின்னது. முதல் எழுத்து பூஜ்யமாச்சே! டிசம்பர் மாசம் நவம்பருக்கு முன்னால் வந்துவிடும்.

எந்த டேட்டாபேஸில் என்ன வில்லங்கம்?

ஆரக்கிள்: பெயர்தான் ‘டேட்’. உள்ளே நேரமும் ஒளிஞ்சிருக்கும். திரையில் காட்டும்போது வழக்கமாகத் தேதியை மட்டும் காட்டுவதால், ‘நேரமே இல்லையே’ என்று ஏமாந்துவிடுவோம்.

எஸ்.க்யூ.எல். சர்வர்: தேதிக்கு மட்டுமான ‘டேட்’ வகை 2008 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்து டேபிள்களில் எல்லாமே டேட்டைம்தான்.

போஸ்ட்கிரெஸ்: ‘டைம்ஸோனோடு’ என்று பெயர் கொண்ட டைம்ஸ்டாம்ப் வகை இருக்கிறது. அதைத் தேதியாக மாற்றினால் வருவது, உங்க இணைப்பில் எந்த ஊர் நேரம் செட் ஆகியிருக்கிறதோ அந்த ஊர்த் தேதி!

எஸ்.க்யூ.லைட்: தேதிக்கென்று தனி வகையே இல்லை. பெரும்பாலும் எழுத்தாகத்தான் இருக்கும். வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதினால் ‘முதல்... முன்னால்’ ஃபார்முலா இங்கேயும் கைகொடுக்கும்.

22-ல் புறப்பட்டது, 23-ல் விபத்து

குவெரி சரியாக வந்துவிட்டது. இனிமேல்தான் அதைவிடப் பெரிய கேள்வி. நீங்க கேட்கிற தேதி யாருடைய தேதி?

1956 நவம்பர் 22-ம் தேதி இரவு, சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. 23-ம் தேதி அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்திருக்க, ரயில் ஆற்றுக்குள் கவிழ்ந்தது. நூற்று நாற்பது பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். அப்போதைய ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நம்ம பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும் ராஜினாமா அது.

இந்த விபத்தைப் புறப்பட்ட தேதியை வைத்துத் தேடினால் 22-ல் இருக்கும். நடந்த தேதியை வைத்துத் தேடினால் 23-ல் இருக்கும். இரண்டும் சரி. ஒரே ஃபீல்டில் ஒரு தேதியை மட்டும் வைத்திருந்தால், பாதிப் பேர் தேடும்போது அந்த ரயிலே காணாமல் போயிருக்கும். (51 வருஷம் கழித்து அரியலூர் மறுபடி மாவட்டமானதும் அதே நவம்பர் 23!)

இப்பவும் இது நம்மைத் துரத்துகிற சிக்கல்தான். சென்னையில் இரவு புறப்படும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், அரியலூருக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அரியலூரில் ஏறி திருச்சிக்குப் போகிறவர் எந்தத் தேதியில் ஸ்டேஷனில் நிற்கணும் என்பது, ரயில் புறப்பட்ட தேதியிலிருந்து ஒரு நாள் தள்ளிப்போய்விடுகிறது. தேதியை மட்டும் பார்த்துவிட்டு, அடுத்த நாள் ராத்திரி பெட்டியோடு வந்து நின்றால், ரயில் எப்பவோ போயிருக்கும்.

சிமென்ட் ஆலையின் சூளை ராத்திரியில் அணையாது. இரவு 10 மணிக்கு உள்ளே போய், காலை 6 மணிக்கு வெளியே வருகிற தொழிலாளியின் ஷிப்ட் இரண்டு தேதிகளில் கால் வைத்து நிற்கிறது. வந்த நேரத்தில் ஒரு தேதி, போன நேரத்தில் ஒரு தேதி. நேரத்தை வெட்டிவிட்டு, ‘ஒரே தேதியில் வந்து, போனவங்க’ என்று குவெரி எழுதினால், ராத்திரி ஷிப்ட் முழுக்க ஆப்சென்ட்! சம்பளத்தில் கை வைத்த மாதிரி ஆகிவிடும். வழி என்ன? ‘ஷிப்ட் தேதி’ என்று தனி ஃபீல்டு ஒன்றை ஆரம்பத்திலேயே வைத்துவிடுவது.

சில இடங்களில் நேரத்தை வெட்டவே கூடாது. பெரம்பலூர் மாவட்டத்தில் திருமாந்துறை சுங்கச்சாவடியைப் பார்த்திருப்பீர்கள். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில், போய்த் திரும்பும் சலுகைக்கு 24 மணி நேரக் கணக்கு. 22-ம் தேதி இரவு 11-க்குப் போய், 23-ம் தேதி காலை 10-க்குத் திரும்பினால் 11 மணி நேரம்தான் ஆகிறது. தேதியை மட்டும் ஒப்பிட்டால், ‘வேற நாள்’ என்று தப்பாகச் சொல்லிவிடும்.

அஞ்சரை மணி அபாயம்

இன்னொரு கண்ணிவெடி பாக்கி. இப்போ நிறைய சர்வர்களில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறார்கள். நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி முன்னால். நம்ம ஊரில் 23-ம் தேதி அதிகாலை 4 மணி என்றால், சர்வரில் 22-ம் தேதி இரவு 10:30! அதிகாலைப் பால் கணக்கு, பூ மார்க்கெட் கணக்கு, ராத்திரி ஷிப்ட் கணக்கு எல்லாம் முதல் நாளில் போய் உட்கார்ந்துவிடும்.

இதற்கும் அதே ஃபார்முலாதான். முனைகளை மட்டும் மாத்துங்க. நம்ம 23-ம் தேதி என்பது பொது நேரத்தில் 22-ம் தேதி 18:30 முதல், 23-ம் தேதி 18:30-க்கு முன்னால். ரெக்கார்டுகளைத் தொடவே வேண்டாம். கேட்கிற கேள்வியைச் சரிசெய்தால் போதும்.

இன்டர்வியூவில் கேட்டால்...

‘இன்றைய ஆர்டர்களை எடுக்க ஒரு குவெரி எழுதுங்க’ என்பது பார்க்க ரொம்ப ஈஸியான கேள்வி. உடனே பேனாவை எடுக்காதீங்க. மூணு கேள்வி திருப்பிக் கேளுங்க. ‘அந்த ஃபீல்டில் நேரம் இருக்கா?’, ‘எந்த ஊர் நேரத்தில் சேமிச்சிருக்கீங்க?’, ‘இன்றைய ஆர்டர்னா, வந்த தேதியா, அனுப்பின தேதியா?’ பதில் வந்த பிறகு ‘இன்று நள்ளிரவு முதல், நாளை நள்ளிரவுக்கு முன்னால்’ என்று எழுதுங்க. எதிரே உட்கார்ந்திருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதற்கு முன்னால் ஒரு குட்டி ஹோம் ஒர்க். உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டைத் திறங்க. அந்த அஞ்சு லாரி ரெக்கார்டையும் உங்க டேபிளில் போடுங்க. முந்தின நாள் கடைசி பத்து நிமிஷம், நள்ளிரவு, காலை, கடைசி விநாடியின் பாதி, மறுநாள் நள்ளிரவு. ரிப்போர்ட்டை ஓடவிட்டு எண்ணிப் பாருங்க. மூணு வந்தால் தைரியமாக டெமோவுக்குப் போகலாம். அதைவிடக் குறைவாக வந்தால், கடைசி நாளில் வரிசையில் நின்று பணம் கட்டிய யாரோ ஒருத்தர் பெயர் உங்க ரிப்போர்ட்டிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது. அவர் கவுன்ட்டருக்கு வந்து ரசீதை நீட்டுவதற்குள் சரிபண்ணிடுங்க.

ஆல் த பெஸ்ட்!